லாபம், ரெண்டு, மூணு

மரக்காணம்,
ஆடி 24

அன்புத் தம்பி சித்தார்த்தனுக்கு,

அக்கா விஜயலட்சுமி எழுதுவது. நான், உன் மாமா, குழந்தை தமிழ்நிலா மூன்று பேரும் இங்கே சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? அந்த வயிற்று வலி மறுபடி வந்ததா?

பதினாறு நாளாக என் போனை நீ எடுக்கவில்லை. மாமா போனில் நன்றாகப் பேசுகிறாய். நான் வாங்கிக் காதில் வைத்ததும் கட் ஆகிவிடுகிறது. டவர் இல்லை என்று மாமா உனக்காகப் பொய் சொல்கிறார். பெங்களூரில் டவர் இல்லையாம், உப்பளத்துக்கு நடுவில் இருக்கிற எங்களுக்கு இருக்கிறதாம்! அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். கடிதத்தை நீ கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம். முழுவதும் படித்துவிட்டுக் கிழி.

முதலில் நல்ல சேதி. கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. உன் வேலையில் ஒரு குறையும் இல்லை. தப்பு என்னுடையது.

நடந்ததை ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். எங்கள் உப்பு கம்பெனியில் ஆர்டர் எழுத ஒரு ஆப், பில் போட வேறொரு சாஃப்ட்வேர். இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. ஒரே ஆர்டரை நான் இரண்டு தடவை அடித்துக்கொண்டிருந்தேன். என் தம்பி இரண்டையும் இணைத்துத் தருவான் என்று முதலாளி சுப்ராயனிடம் பெருமையாகச் சொன்னதும் நான்தான். ஆனி மாதம் நீ வந்து இரண்டு நாள் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தாய். ஆப்பில் அடித்ததும் பில் பக்கம் லோடு சீட்டு தானாக வந்து விழுந்தது. நீ இருந்தவரைக்கும் எல்லாம் சரியாக ஓடியது. நீ பஸ் ஏறிய மறுநாளிலிருந்து தினமும் ஒரு ஆர்டர் காணாமல் போக ஆரம்பித்தது.

ஒரு நாள் கிளியனூர் மளிகைக் கடை, ஒரு நாள் ஆரோவில் பக்கத்து பேக்கரி. மற்ற நாளெல்லாம் கூனிமேடு கருவாட்டு வியாபாரி மஸ்தான் பாய். அனுப்பியாச்சு என்று ஆப்பில் பச்சை டிக் விழும், பில் பக்கம் ஒன்றுமே இருக்காது. உப்பு வராமல் மூன்று கூடை வாளை மீன் கெட்டுப்போன அன்றைக்கு, பாய் அதில் நாலு மீனைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து என் கீபோர்டுக்குப் பக்கத்தில் பிரித்து வைத்தார். தங்கச்சி, உன் கம்ப்யூட்டருக்கும் எனக்கும் என்ன பகை என்று கேட்டார். அந்த நாற்றம் இரண்டு நாள் மேஜையை விட்டுப் போகவில்லை.

ஆடி முடிவதற்குள் சரியாகவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். நீயும் பாவம், மூன்று நாள் லீவு போட்டு உன் புரோகிராமை வரி வரியாகப் பார்த்தாய். ஒரு தடவை போனில் கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? அன்றன்றைய ஆர்டருக்கு வரிசை எண் கட்டத்தில் என்ன அடிக்கிறாய் என்று. ஒண்ணு, ரெண்டு, மூணுதான்டா, வேறென்ன அடிப்பாங்க என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்துச் சொன்னேன்.

போன புதன்கிழமை பாய் நேரிலேயே வந்து என் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். என் கண்ணு முன்னாலயே போடு, அது எங்க போவுதுன்னு நானும் பாக்குறேன் என்றார். பில் சாஃப்ட்வேர்க்காரர்களின் உதவி லைனில் சத்யப்ரியா என்று ஒரு பெண் வந்தது. சென்னையில் இருந்தபடியே எங்கள் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அன்றைய முதல் ஆர்டரை அடித்தேன். அக்கா, வரிசைக் கட்டத்துல என்னமோ லாபம்னு இருக்கே என்றது. ஒண்ணுதாம்மா என்றேன். ஒண்ணு எங்க இருக்கு, லாபம்னுதானே இருக்கு என்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. லாபம்னாலே ஒண்ணுதான் என்று கத்தினேன்.

கத்தின பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது.

அப்பா அளத்தில் உப்புக் கூடையை எப்படி எண்ணுவார், சொல். லாபம், ரெண்டு, மூணு. இந்த வியாபாரத்தில் யாராவது முதல் எண்ணிக்கைக்கு ஒன்று என்று சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சொன்னது, முதல் வரியில் ஒன்று போடாதே, லாபம் என்று எழுது என்பதுதான். நோட்டில் எழுதிப் பழகிய கை, ஆப்பிலும் அதையே அடித்திருக்கிறது. நீ இருந்த இரண்டு நாளும் நீயே அடித்தாய், 1 என்று. ஆப் எதை அடித்தாலும் வாங்கிக்கொள்ளுமாம். பில் சாஃப்ட்வேர் அந்தக் கட்டத்தில் எண்ணைத்தான் எடுக்குமாம். எழுத்து வந்தால் அந்த ஆர்டரையே சத்தமில்லாமல் தள்ளிவிடுமாம். பாய் காலைத் தொழுகை முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் போன் பண்ணுகிறவர். அதனால் லாபம் முழுக்க அவர் தலையிலேயே விழுந்திருக்கிறது.

லாபத்தை அழித்துவிட்டு 1 என்று அடித்தேன். பிரிண்டர் கடகடவென்று சீட்டைத் தள்ளியது. பாய் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நான் அழுதுவிட்டேன். ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். முதலாளி எல்லோருக்கும் டீ சொன்னார். உன் தம்பியைத் தப்பா பேசிட்டேன்மா, மனசுல வெச்சுக்க வேணாம்னு சொல்லு என்றார். என் வேலைக்கும் ஆபத்து இல்லை.

ஆனால் அவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. காலையில் நான் 1 அடிக்கும்போது பின்னால் வந்து நின்று, அவரே லாபம் என்று முணுமுணுத்துவிட்டுப் போகிறார். லாபம் என்று அடித்தால் அதுவே 1 ஆக மாறிப் போகிற மாதிரி செய்ய முடியாதா என்று கேட்கிறார். முடியும், இரண்டு வரி வேலை, ஆனால் இணைப்பை எழுதினவர்தான் செய்யணும் என்று சத்யப்ரியா சொன்னது.

இனி நான் சொல்ல வேண்டியது. நீ தொட்டது எதுடா உருப்பட்டிருக்கு என்று, கடைசியாகப் போனில் பேசிய அன்றைக்கு உன்னிடம் சொன்னேன். படிப்பை விட்டதையும் செல்போன் கடையை மூடினதையும் சேர்த்து வைத்துத்தான் சொன்னேன். பொய் சொல்ல மாட்டேன், குத்த வேண்டும் என்றே சொன்னேன். வேலை போய்விடும் என்ற பயம், அதை உன் மேல் இறக்கிவிட்டேன். நீ செய்து கொடுத்தது முதல் நாளிலிருந்தே சரியாக இருந்தது. என்னை மன்னித்துவிடு தம்பி. எழுத எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆவணி பன்னிரண்டாம் தேதி தமிழ்நிலாவுக்குக் காது குத்து. குலதெய்வக் கோயிலில், காலை ஏழரைக்கு மேல். மாமா உன்னிடம் சொல்லியிருப்பார், பார்க்கலாம் என்றாயாம். பெரியப்பா மகன் மடியில் உட்கார வைத்துக் குத்திவிடலாம் என்று இங்கே பேசுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சீர் எதுவும் நீ கொண்டுவர வேண்டாம். மடி மட்டும் கொண்டு வா.

கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று பூசாரி கேட்பார். நான் என்ன சொல்லட்டும்? லாபம் என்று ஆரம்பிப்பேன். அதற்கு மேல் எண்ண எனக்கு ஆள் இல்லை, தம்பி.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அக்கா,
விஜயலட்சுமி