மாமா குடித்த தண்ணீர்

மாமா,

நேற்று மதியம் மறுபடியும் அந்த அட்டைப்பெட்டி வந்தது. பிரித்ததும் ரப்பர் கையுறையின் நெடி கூடம் முழுக்கப் பரவிவிட்டது. உள்ளே அதே சாமான்கள்தான். ஸ்டெதாஸ்கோப், முழங்காலைத் தட்டிப் பார்க்கும் சின்ன சுத்தி, அளவுக் குவளை, கத்தரி, கையுறைகள். ஆமாம், திரும்பவும் சேர்ந்துவிட்டேன். உடற்கூறியலும் உடலியங்கியலும். வீட்டிலிருந்தே படித்து, சோதனைகளையும் வீட்டிலேயே செய்து, கேமரா முன்னால் தேர்வு கொடுக்கும் அதே கல்லூரிப் படிப்பு. உங்கள் கட்டில் கிடந்த இடத்தில் உட்கார்ந்துதான் பெட்டியைப் பிரித்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வெட்கம்தான் வந்தது.

நான் கல்யாணமாகிக் கொரட்டூருக்கு வந்த நாளிலிருந்து நாம் ஒரே வீட்டில் இருந்தோம். அத்தை போன பிறகு வீட்டில் பெரும்பாலும் மாமனாரும் மருமகளும் மட்டும்தான். ஆனாலும் பொங்கலுக்குப் பொங்கல் காலைத் தொட்டுக் கும்பிடுவதைத் தவிர உங்கள்மேல் என் விரல் பட்டதில்லை. காபியை ஸ்டூலில் வைத்துவிட்டு நான் உள்ளே போன பிறகுதான் நீங்கள் கையை நீட்டுவீர்கள். நான் கூடத்தைப் பெருக்க வந்தால் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவீர்கள். யாரும் போட்ட சட்டம் இல்லை. நம் வீடுகளில் அப்படித்தான்.

மண்ணூர்பேட்டையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டோக்கன் கொடுக்கும் வேலை எனக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு போட்டவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் படிப்பு ஆசை வந்தது. சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, சோதனைகளுக்குப் பக்கத்தில் இன்னொரு உடம்பு வேண்டும் என்று. நாடி பார்க்க, மூச்சை எண்ண, முழங்காலைத் தட்ட. உங்கள் மகனுக்கோ தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை, வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூக்கம். ஆள் கிடைக்கவில்லை என்று தோழியிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தேன். நீங்கள் வாசலிலிருந்தே கேட்டீர்கள்.

"இன்னாம்மா, ஆள் இல்ல ஆள் இல்லன்னு சொல்லிகினு கீற? நான் ஊட்ல சும்மாதான குந்திகினு கீறேன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முடியாது என்று எப்படிச் சொல்வது? முதல் நாள் உங்கள் மணிக்கட்டில் நாடி பார்த்தபோது கையுறை மாட்டிக்கொண்டுதான் தொட்டேன். அதற்குக் கையுறை வேண்டாம் என்று பாடத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. நீங்கள் என் கையைப் பார்த்துவிட்டு, "நான் இன்னா கரெண்டு கம்பியா?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் கையுறையைக் கழற்றவில்லை.

ஆட்டு இதயத்தை வெட்டிப் பார்க்கும் பாடம் வந்தபோது நீங்களே கறிக்கடைக்குக் கிளம்பினீர்கள். நான் ஏதோ வாங்கப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். கடைவாசலில் கூட்டத்துக்கு நடுவில் நீங்கள் சத்தமாகச் சொன்னது தெருமுனைவரை கேட்டது. "முழுசா குடு, கத்தி வெச்சிடாத. மருமவ டாக்டருக்குப் படிக்குது." எனக்குத் தலை நிமிரவில்லை. டோக்கன் கொடுக்கிறவள் நான். மறுநாளே எதிர்வீட்டு அம்மா முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டு வந்து நின்றார்கள். உங்கள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். அப்புறம் மொட்டைமாடியில் அந்த இதயத்தைப் பிளந்தபோது நீங்கள்தான் போனைப் பிடித்துப் படமெடுத்தீர்கள். "இந்த ரூம்லேருந்து அந்த ரூமுக்கு கதவு வெச்சிக்கீது பாரும்மா" என்று வால்வைக் காட்டி ஆச்சரியப்பட்டீர்கள். எல்லாம் முடிந்ததும், "வீணாப்பூடுமே, கொழம்பு வெச்சிடலாமா?" என்று கேட்டீர்கள். நான் முறைத்ததும் படியிறங்கிப் போய்விட்டீர்கள்.

பிறகு செய்முறைத் தேர்வு. அன்று காலையிலேயே குளித்து, திருநீறு பூசி, தலையை வாரி, புது பனியன் போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வருகிறவர்கள் வாசலுக்கு வந்துவிட்ட மாதிரி பரபரப்பாகக் கட்டிலில் படுத்திருந்தீர்கள். திரையில் ஆசிரியை வந்தார். "பனியனைக் கழட்டச் சொல்லுங்க. விலா எலும்பை விரலால எண்ணிக்கிட்டே வந்து, துடிப்பு எங்க தட்டுதுன்னு காட்டுங்க. கையுறை வேண்டாம்" என்றார்.

நீங்கள் மறுபேச்சில்லாமல் கழற்றினீர்கள். கழற்றிய பனியனை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டீர்கள். எனக்காகக் கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டீர்கள். உங்கள் நெஞ்சில் முடி முழுக்க நரைத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் கை ஒரு சாண் உயரத்திலேயே நின்றுவிட்டது. இறக்க முடியவில்லை. "விரலை வைங்க, நேரம் போகுது" என்றார் ஆசிரியை. "நெட் விட்டு விட்டு வருது மேடம், நீங்க பேசறது கேக்கல மேடம்" என்று சொல்லி நானே கேமராவை அணைத்துவிட்டேன்.

நெட் நன்றாகத்தான் இருந்தது. ஆசிரியை சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உங்களுக்கும் கேட்டது. நீங்கள் எழுந்து பனியனைத் திரும்பப் போட்டுக்கொண்டு வெளியே போனீர்கள். சாயங்காலம் உங்கள் மகனிடம், "இந்த ஏரியால நெட்டே சரியில்லடா. பாவம், நல்லாத்தான் பண்ணிகினு இருந்துச்சு" என்று நீங்கள் சொல்வது அடுப்படியில் எனக்குக் கேட்டது. தோசையைத் திருப்பிப் போட்டேன். வெளியே வந்து உங்கள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. மறுபடி பணம் கட்டினால் இன்னொரு வாய்ப்பு உண்டு என்று கல்லூரியிலிருந்து தகவல் வந்தது. நான் கட்டவில்லை. கொஞ்ச நாளில் பெயரையே எடுத்துவிட்டார்கள். "மறுபடி எப்பம்மா வெப்பாங்க?" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம், "சொல்வாங்க மாமா" என்று மழுப்பினேன்.

அந்தக் கார்த்திகை மழையில்தான் பின்பக்கக் குழாயடியில் வழுக்கி விழுந்தீர்கள். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, வீட்டுக்கு வந்து கூடத்தில் படுத்தீர்கள். நான் வேலையை விட்டேன். காலையில் ஒரு ஆள் வந்து உடம்பு துடைத்துவிட்டுப் போவார். அதன் பிறகு உங்கள் மகன் வேலையிலிருந்து வரும்வரை உங்களுக்கு நான், எனக்கு நீங்கள்.

தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டீர்கள். வைத்த டம்ளர் வைத்தபடி இருக்கும். கேட்டால், "தாகமே எடுக்கலம்மா" என்பீர்கள். உதடு வெடித்தது. நாக்கு காய்ந்து பேச்சு ஒட்டியது. ஒரு நாள் என்னைப் பார்த்து, "நீங்க எப்ப வந்தீங்க?" என்று யாரோ விருந்தாளியைக் கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டீர்கள். பயந்துபோய் டாக்டருக்குப் போன் செய்தேன். "தண்ணி குடிக்கலைன்னா கிட்னி கெட்டுடும்மா, திரும்ப அட்மிட் பண்ற மாதிரி ஆயிடும்" என்றார்.

காரணம் எனக்குத் தெரிந்தது. நீங்கள் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், மகன் வரும் நேரத்துக்காக. தண்ணீர் உள்ளே போனால் கட்டிலுக்கு அடியில் இருக்கும் யூரின் கேன் வேண்டும். அதை எடுத்துக் கொடுக்க என்னைத் தவிர ஆள் இல்லை. செத்தாலும் சாவேன், மருமகளிடம் அதைக் கேட்க மாட்டேன் என்று படுத்திருந்தீர்கள். எனக்கு அது நன்றாகவே புரிந்தது, மாமா. உங்கள் நெஞ்சில் கை வைக்க முடியாமல் கேமராவை அணைத்தவள்தானே நான்? வெட்கப்படாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல எந்த முகத்தோடு வருவேன்?

அதனால் ஒரு பொய் சொன்னேன்.

"மாமா, மறுபரீட்சை வெச்சிருக்காங்க. கிட்னி லேப். ஒருத்தர் தண்ணி குடிக்கணும், எவ்ளோ குடிச்சாரு, எவ்ளோ வெளிய போச்சுன்னு நான் அளந்து காட்டணும். உங்களை விட்டா எனக்கு ஆள் இல்ல மாமா."

நீங்கள் ஃபேனைப் பார்த்தபடி கேட்டீர்கள்.

"அத நான் குடிச்சா பாஸ் பண்ணிடுவியா?"

"பண்ணிடுவேன் மாமா."

"அப்பன்னா குடு."

தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தேன். அன்றைக்குக் கையுறை ஞாபகமே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ம்மா, லேபு" என்றீர்கள். அந்த வார்த்தைதான் அதற்கப்புறம் நமக்கு வழக்கமாகிவிட்டது. கேனைக் கொடுத்துப் போர்வையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் காலண்டரைப் பார்த்தீர்கள், நான் ஜன்னலைப் பார்த்தேன். அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்துவிட்டு எவ்வளவு என்று சொன்னேன். "எழுதிக்கோ" என்றீர்கள். கையில் பேனாகூட இல்லை. "எழுதிட்டேன் மாமா" என்றேன்.

நாலைந்து நாளில் உதட்டில் ஈரம் வந்தது. பேச்சு தெளிந்தது. கேலியும் திரும்ப வந்தது. குவளையில் அளவு கூடினால், "டிஸ்டிங்ஷன் கெடைக்குமா?" என்பீர்கள். புண் வராமல் இருக்க உங்களைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்தபோது, "இதுவும் லேபாம்மா?" என்று கேட்டீர்கள். "ஆமா மாமா, தோல் லேப்." "ஓகோ" என்று ரொம்ப யோசனையாகத் தலையாட்டினீர்கள்.

ஆனால் அந்த ஒரு மத்தியானத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும். வயிறு சரியில்லாமல் படுக்கையிலேயே போய்விட்டது உங்களுக்கு. கேட்கக்கூடத் தெம்பில்லாமல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதீர்கள். நான் எல்லாவற்றையும் துடைத்தேன், துணியை மாற்றினேன், "பரவால்ல மாமா, பரவால்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அழுக்குத் துணியைப் பின்பக்கம் எடுத்துப் போனதும் குமட்டிக்கொண்டு வந்தது. சத்தம் கேட்கக்கூடாதென்று குழாயை முழுசாகத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது நீங்கள் துண்டை எடுக்கவில்லை. "குழாய மூடிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

மாசி முடியும்போது சளி நெஞ்சில் இறங்கி, அதுவே உங்களைக் கொண்டுபோய்விட்டது. கடைசி வரைக்கும் கிட்னிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் டாக்டர். காரியத்துக்கு வந்தவர்களெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மருமவ இல்லம்மா நீ, பெத்த பொண்ணு" என்றார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குக் குழாய்ச் சத்தம்தான் கேட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கமான பெண் என்று அதற்கும் ஒரு பாராட்டு கிடைத்தது.

உங்களுக்கு வாக்குக் கொடுத்த மாதிரி ஒரு உறுத்தல், மாமா. பாஸ் பண்ணிவிடுவேன் என்றேனே. அதனால்தான் திரும்பச் சேர்ந்தேன். உங்களை ஏமாற்றித் தண்ணீர் குடிக்க வைத்த பாவத்தை இப்படியாவது கழிக்கலாம் என்று ஒரு கணக்கு.

நேற்று சாயங்காலம் உங்கள் மகன் வந்து பெட்டியைப் பார்த்தார். நானும் மனசு பொறுக்காமல், நான் உங்களிடம் சொன்ன பொய்யை அவரிடம் சொன்னேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்பாவுக்கு அது அப்பவே தெரியும்" என்றார்.

நான் கிட்னி லேப் என்று சொன்ன அன்றே நீங்கள் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, எனக்கு எந்தத் தேதியில் பரீட்சை என்று விசாரித்துச் சொல்லச் சொன்னீர்களாம். அன்றைக்குள் நீங்கள் எழுந்து உட்கார முடிய வேண்டும் என்ற கவலையாம் உங்களுக்கு. "பரீட்சையா? அதெல்லாம் எப்பவோ நின்னுபோச்சுப்பா, பேரையே எடுத்துட்டாங்க" என்று அவர் சொல்லிவிட்டார்.  அதற்கு நீங்கள் இப்படிச் சொன்னீர்களாம்:

"எனக்குத் தெரியும்னு அதுகிட்ட சொல்லிடாத. வெக்கப்படும்."

அப்படியானால் மறுநாளிலிருந்து நீங்கள் "எழுதிக்கோ" என்றதெல்லாம்? எழுத ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. தோல் லேப் என்று நான் கதையளந்தபோது நீங்கள் போட்ட அந்த "ஓகோ"வை நினைத்தால் இப்போதுகூடச் சிரிப்பும் வருகிறது, எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் என்றும் வருகிறது.

இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்த உங்கள் மகன் நேற்று சொல்லிவிட்டார், மாமா. நீங்கள் பயந்தபடியே வெட்கப்படுகிறேன். குமட்டியதற்கு, கையுறை போட்டதற்கு, நெட்டின்மேல் பழி போட்டதற்கு, எல்லாவற்றுக்கும். இந்த வெட்கம் என்னை விட்டுப் போகும் என்று தோன்றவில்லை. போகட்டும் என்றும் நான் நினைக்கவில்லை. பொய் என்று தெரிந்த பிறகும், மகன் வரும்வரை காத்திருக்காமல், என் கையிலிருந்து வாங்கிக் குடித்தீர்களே.