படத்தில் இல்லாதவர்

பிப்ரவரி 6

ஓவியருக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டாலும் வாயைத் திறந்து சொல்லப்போவதில்லை என்பதால் விசாரிக்கவில்லை.

பதிப்பாளர் நேற்றும் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்க ரெண்டு பேர் சண்டையை அப்புறம் வச்சுக்கங்கம்மா, முதல்ல என் புத்தகத்தை முடிச்சுக் குடுங்க" என்கிறார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சித்திர நாவல் வருகிறது என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்துவிட்டு, பாதிப் புத்தகத்தோடு தவிக்கிறார். முடித்துக் கொடுத்துவிடுவோம். முடிந்த கையோடு வக்கீல் கொடுத்த பிரிவுப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். பத்திரம் உங்களிடம்தான் இருக்கிறது. அதன்மேல் டீ டம்ளரை வைக்காதீர்கள்.

அடுத்த அத்தியாயம் இத்துடன் இருக்கிறது. உங்கள் ஞாபகசக்தியின் லட்சணம் தெரியும் என்பதால் கதையையும் சொல்லிவிடுகிறேன். மூடிக்கிடக்கும் ஒரு தியேட்டரின் சுவரில் விளம்பரம் எழுத ஓர் ஓவியன் வருகிறான். அந்தச் சுவரில் யாரோ எப்போதோ வரைந்துவிட்டுப் போன ஒரு பெண் இருக்கிறாள். பகலெல்லாம் அவள் படம். பொழுது சாய்ந்தால் இறங்கி வந்து அவனோடு பேசுகிறாள். இந்த அத்தியாயத்தில் அவன் கேட்கிறான், "பகல்ல சுவத்துக்குள்ள எங்கே இருப்பே?" என்று. "அங்கே எனக்கு ஒரு ரூம் இருக்கு" என்கிறாள். அது எப்படிப்பட்ட அறை என்று நான் எழுதவில்லை. என்ன வரைய வேண்டும் என்று நான் சொல்வதில்லை, அடுத்து என்ன என்று நீங்கள் கேட்பதில்லை. நம் குடித்தனத்தில் உருப்படியாக நடந்த ஒரே ஏற்பாடு அதுதான்.

போன் வேண்டாம். போனில் நமக்கு வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது.

நான் ஏன் கிளம்பிப் போனேன் என்று பதிப்பாளரிடம் கேட்டீர்களாமே. கல்யாணமான புதிதில் இருந்தே நான் உங்கள் முதுகோடுதான் குடும்பம் நடத்தினேன். வரைபலகை ஜன்னலைப் பார்த்து, நீங்கள் வரைபலகையைப் பார்த்து, நான் உங்கள் முதுகைப் பார்த்து. கேட்டதற்கு "ம்" என்றுகூடச் சொல்லாத ஒரு முதுகிடம் எத்தனை காலம் பேச முடியும்?

இப்படிக்கு,
எழுத்தாளர்

---

பிப்ரவரி 17

வாயாடிக்கு,

(பழக்கதோஷம். அடித்தால் காகிதம் அசிங்கமாகும் என்று விட்டுவிட்டேன்.)

அத்தியாயம் நன்றாக இருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன்.

அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுவருக்குள் இருக்கும் அறை என்றதும் பெரிய தூண், திரைச்சீலை என்றுதான் யோசித்து வைத்திருந்தேன். பென்சிலை வைத்ததும் கை தன்பாட்டுக்கு வேறு பக்கம் போனது. வந்தது ஒரு சின்ன மாடி அறை. அவள் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதுகிறாள். ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லை, அந்த இடத்தில் நீலக் காகிதம் ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் ஒரு கால் உடைந்து செங்கல் முட்டுக்கொடுத்திருக்கிறது. சுவரில் ஒட்டகம் மாதிரி ஓர் ஈரக்கறை. இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. அழித்துவிட்டு இன்னொரு தாளில் ஆரம்பித்தேன். ஒட்டகம் உட்பட அதேதான் வந்தது.

முதுகைப் பற்றிக் கேட்டிருந்தாய். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓவியன்

---

மார்ச் 2

ஓவியருக்கு,

இதென்ன விளையாட்டு? வேவு பார்க்க ஆள் வைத்திருக்கிறீர்களா?

நீங்கள் வரைந்திருப்பது என் அறை. நான் குடிவந்த பிறகு உடைந்த கண்ணாடி அது, நீலக் காகிதத்தை ஒட்டியதும் நான்தான். செங்கல் கீழ்வீட்டு வாசலில் கிடந்தது. ஒட்டகத்தை நான் தினமும் தூங்கி எழுந்ததும் பார்க்கிறேன், அது ஒட்டகம் என்று யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடம் கேட்டேன். "அவர்கிட்ட நான் பேசியே மாசக்கணக்காச்சு. அவர் போனை எடுத்தாத்தானே சொல்றதுக்கு?" என்று என்மேலேயே பாய்ந்தாள். அது நம்பக்கூடியதுதான்.

கோபமாக எழுத உட்கார்ந்தேன். ஆனால் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அதே அறைக்குள் அதையே பார்த்துக்கொண்டு அரைநாள் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணின் பின்னல் என் பின்னல்தான். பின்கழுத்தில் இருக்கும் மச்சம் எனக்கே தெரியாது. வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். "ஆமா, இருக்கு" என்றார்.

எனக்குப் பயமாக இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. அடுத்த அத்தியாயம் இத்துடன்.

எழுத்தாளர்

---

மார்ச் 14

வாயாடிக்கு,

சத்தியமாக எனக்குத் தெரியாது. உன் தெருப் பெயரை உறைமேல் எழுதுகிறேனே தவிர, அந்தத் தெரு கிழக்கே போகிறதா மேற்கே போகிறதா என்றுகூட அறியேன்.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நீ அனுப்பிய அத்தியாயத்தில் இப்படி ஒரு காட்சி இல்லை என்று தெரியும். அவனும் அவளும் தியேட்டருக்குள் உட்கார்ந்து வெறும் திரையைப் பார்க்கிறார்கள் என்றுதான் எழுதியிருக்கிறாய். அதை வரையத்தான் உட்கார்ந்தேன். வந்தது இது. அதே அறை. வெளியே மழை. கூரைக் காரை பெயர்ந்து கட்டில்மேல் குவியலாகக் கிடக்கிறது. அவள் வாசற்படியில் நின்று பார்க்கிறாள், இப்போதும் முதுகுதான் தெரிகிறது.

முடித்ததும் கிழித்துப் போடப் பார்த்தேன், துணிவில்லை. கதைக்கு ஆகாது, ஆனாலும் உன்னிடம் வந்து சேர வேண்டும் என்று மட்டும் தோன்றியது. சிரிப்பதானால் சிரித்துக்கொள். அந்தக் கட்டிலில் மட்டும் படுக்காதே.

ஓவியன்

---

மார்ச் 29

அன்புள்ள உங்களுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இந்தக் கடிதத்தைப் பலமுறை தொடங்கிவிட்டேன்.

படம் வந்தபோது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மழையாம் மழை என்று சிரித்தேன். மறுநாள் மதியம் சாப்பிட்டு முடித்தேன். அந்த நேரத்தில் எப்போதும் அந்தக் கட்டிலில்தான் கண்ணயர்வேன். தலையணையைத் தட்டிப் போட்டேன். அப்போது வெளியே தூறல் விழும் சத்தம் கேட்டது. படத்தில் நீங்கள் வரைந்த மழை ஞாபகம் வந்தது. எழுந்துபோய் வாசற்படியில் நின்றேன். தூறல் மழையானது. எவ்வளவு நேரம் நின்றேனோ, இதெல்லாம் பைத்தியக்காரத்தனம், போய்ப் படு என்று என்னையே திட்டிக்கொண்டு ஓரடி எடுத்து வைத்தேன். கூரை விழுந்தது.

வீட்டுக்காரம்மா மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "என்னடி ஆச்சு? நீ எங்கே இருக்கே?" என்று கத்தினார். வாசலில் நின்ற என்னை இடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். படத்தை எடுத்துக் காட்டினேன். அதையும் கட்டிலையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இது எப்ப வரைஞ்சது?" என்றார். சொன்னேன். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். காரைத் துண்டுகள் எப்படிக் கிடந்தனவோ அப்படியே படத்தில் இருந்தன. தலையணையைப் பிளந்துகொண்டு நின்ற ஒரு பெரிய துண்டு, அதன் முனையில் ஒட்டியிருந்த கொஞ்சம் வெள்ளைச் சுண்ணாம்பு, எல்லாம்.

பேய்க்கதை எழுதிப் பிழைப்பவள் நான். சுவரிலிருந்து ஒரு பெண்ணை இறக்கி நடமாடவிட எனக்கு ஒரு வாக்கியம் போதும். ஆனால் இது நிஜம் என்றதும் எனக்கு வார்த்தையே வரவில்லை. உலகம் நான் நினைத்ததைவிடப் பெரியது என்று மட்டும் தெரிந்தது. நான் உயிரோடு இருக்கிறேன். நீங்கள் வரைந்ததால் இருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். எல்லாப் படத்திலும் ஏன் என் முதுகையே வரைகிறீர்கள்? பழிக்குப் பழியா? நம் முதல் புத்தகத்துக்கு என் முகத்தை வரைந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குட்டை ஸ்டூலைப் போட்டு என் முழங்கால் உயரத்துக்கு உட்கார்ந்துகொண்டு, "ஆடாதே, ஆடாதே" என்று உயிரை எடுத்தீர்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும், உதட்டைக் கடித்து அடக்குவேன். அதற்கப்புறம் நீங்கள் என் முகத்தை வரையவே இல்லை.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. முடிவு தெரியாமல் தவிக்கிறேன். "சுவரை இடிச்சுடுங்கம்மா, ஜனங்க அழுதுக்கிட்டே வாங்குவாங்க" என்கிறார் பதிப்பாளர். இந்த முறை வழக்கத்தை மாற்றுவோம். படத்தை நீங்கள் முதலில் வரையுங்கள். அதைப் பார்த்து நான் எழுதுகிறேன்.

வாயாடி

---

ஏப்ரல் 20

அன்பு வாயாடி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அதிலிருந்து பிரஷ்ஷைத் தொடும்போதெல்லாம் கை கழுவிவிட்டுத்தான் தொடுகிறேன். என் கைதான், ஆனால் என்னுடையது மட்டும் இல்லை என்று தெரிந்துவிட்டது.

முதுகைப் பற்றி யோசித்தேன். நீ பேசுவதைக் கேட்டுக்கொண்டே வரைந்தால்தான் என் கோடு நிற்காமல் ஓடும். திரும்பி உட்கார்ந்தால் உன்னையே பார்த்துக்கொண்டிருப்பேன், வேலை ஓடாது. "ம்" என்று சொல்லியிருக்கலாம். மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், உனக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்துவிட்டேன். நீ போனபிறகு அறையில் சத்தமே இல்லை. கோடு தடுமாற ஆரம்பித்தது. அப்புறம்தான் கை உன்னைத் தேடிக்கொண்டு இப்படிப் போனது.

கடைசிப் படம் இதோ. காலையில் உட்கார்ந்தேன், எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். நீதான், ஆனால் வயதான நீ. தலை முழுக்க நரைத்திருக்கிறது. கழுத்துச் சுருக்கங்களில் வெளிச்சம் விழுந்திருக்கிறது. உன் அறையும் இல்லை, நம் வீடும் இல்லை, நான் பார்த்தேயிராத ஏதோ ஒரு பெரிய ஜன்னல் வைத்த அறை. இந்த முறை முகம் தெரிகிறது. இவ்வளவு அழகான ஒரு முகத்தை என் கை இதுவரை வரைந்ததில்லை, இனி வரையவும் வரையாது.

லென்ஸை வைத்து அங்குலம் அங்குலமாகத் தேடினேன். இரண்டாவது டம்ளர் இல்லை. கொடியில் என் சட்டை இல்லை. பிரஷ் போடும் ஜாடி இல்லை. அந்த அறையில் நான் எங்குமே இல்லை.

முதலில் வந்த இரண்டு படமும் பொய் சொல்லவில்லை, இதுவும் சொல்லாது. நான் இல்லாத ஓர் அறையில் நீ நெடுநாள் வாழப்போகிறாய், சந்தோஷமாக. வலிக்கிறது. ஆனால் நீ சிரிக்கிறாயே, அது போதும். பத்திரத்தில் என் கையெழுத்தைப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். டீக்கறை இல்லை.

என்றும் உன் நலம் வேண்டும்,
ஓவியன்

---

மே 1

என் அருமை ஊமைக்கோட்டானுக்கு,

உங்களைப்போல ஒரு மக்கு ஓவியர் உலகத்தில் உண்டா?

உறையைப் பிரித்ததும் பத்திரம்தான் முதலில் கையில் வந்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அதைத் தரையில் கவிழ்த்துப் போட்டேன். கேட்டது நான்தான், ஆனாலும் பார்க்கப் பிடிக்கவில்லை. பிறகு கடிதத்தைப் படித்தேன். அதன்பிறகுதான் படத்தைப் பார்க்கத் துணிவு வந்தது.

என்னவென்று சொல்வேன்! நான் இன்னும் வாழாத வருஷங்கள் எல்லாம் அந்த முகத்தில் இருக்கின்றன. என் அம்மாவின் நெற்றி எனக்கு வரப்போகிறது. ஜன்னல்பக்கமாகப் படத்தைத் திருப்பி வைத்துவிட்டு, ஒரு பெரிய மனுஷிக்கு முன்னால் நிற்பதுபோல மரியாதையாக நின்றேன். அவள் என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அவள் பார்வை கொஞ்சம் கீழே இறங்கி வேறு யாரையோ பார்க்கிறது. நானும் இறங்கினேன். குனிந்தேன், மண்டியிட்டேன். அவள் முழங்கால் உயரத்துக்கு என் முகம் வந்ததும் எங்கள் கண்கள் நேருக்கு நேர் சந்தித்தன.

அப்போதுதான் அவள் வாயைப் பார்த்தேன். கீழுதட்டின் இடது ஓரத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

கண்ணாடி முன்னால் போய் நின்று அதைச் செய்து பார்த்தேன். வரவில்லை. என்னென்னவோ அஷ்டகோணல்தான் வருகிறது. வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "பல்வலியா?" என்று கேட்டார். அக்காவுக்கு அந்த முகம் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது, எனக்கே தெரியாது. குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து "ஆடாதே" என்று ஒருவர் மிரட்டும்போது மட்டும் எனக்கு வருகிற முகம் அது. அதைப் பார்த்தவர் உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான்.

லென்ஸ் வைத்துத் தேடினாராம்! டம்ளர் இல்லையாம், சட்டை இல்லையாம்! வரைகிறவன் எப்படி அய்யா படத்துக்குள் இருப்பான்? அவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். நரைத்துப்போய், கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, இந்தக் கிழவியிடம் முதுகைக் காட்டாமல், முகத்துக்கு நேராக உட்கார்ந்திருக்கிறான். அவள் அவனைப் பார்த்துத்தான் சிரிப்பை அடக்குகிறாள்.

இதைக் கண்டுபிடித்ததும் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கூரை விழுந்தபோதுகூட நான் அழவில்லை.

வக்கீல் பத்திரம் நல்ல கெட்டித் தாளாக இருந்தது. பின்பக்கம் காலியாகக் கிடந்தது. கடைசி அத்தியாயத்தை அதில்தான் எழுதினேன். சுவர் இடியவில்லை, பதிப்பாளர் அழட்டும். அவன் பிரஷ்களை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறான், "உன் படத்துல எனக்கு இடமில்லை" என்கிறான். அவள் சுவரிலிருந்து இறங்கி வந்து அவன் கையைப் பிடிக்கிறாள். "இத்தனை நாளா என்னையே பாத்துக்கிட்டு இருந்தியே, நான் யாரைப் பாத்துக்கிட்டு இருந்தேன்னு ஒருநாளாவது பாத்தியா?" என்று கேட்கிறாள். அத்தோடு நாவல் முடிகிறது. பத்திரத்தின் முன்பக்கத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை.

அந்தப் பெரிய ஜன்னல் அறை எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறது என்று நாம்தான் தேட வேண்டும். முதலில் இங்கே வாருங்கள். பேசும்போது "ம்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டே வாருங்கள், மனதுக்குள் சொல்வது எனக்குக் கேட்காது. வரும்போது அந்தக் குட்டை ஸ்டூலை மறக்காமல் எடுத்து வாருங்கள். இங்கிருப்பது செங்கல்மேல் நிற்கிறது. ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு என்னை ஆடாதே என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது.

எதிர்பார்த்து வாசற்படியில் நிற்கும்,
உங்கள் வாயாடி