மிக்ஸி ஓடும்போது பேசியவை

முலுண்ட்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். நீங்களும் நலம்தானே?

அக்கா வீட்டுக்கு வந்த பிறகு அவளிடமும் வக்கீலிடமும் தனித்தனியே கலந்து பேசி, ஒரு வாரம் யோசித்து, இறுதி முடிவுக்கு வந்திருக்கிறேன். மிக்ஸியின் சட்னி ஜார் என்னிடமே இருக்கும். மோட்டார் உங்களிடம் இருக்கட்டும். இரு தரப்பிலும் சட்னி கிடையாது. இதற்குப் பெயர்தான் சமரசம் என்கிறார் என் வக்கீல் சாருலதா.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் தெரியாமல் பதிவு செய்த பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் போன மாதம் சொல்லிவிட்டதே. நான் கொடுமைக்காரி என்பதற்குப் பதிவுகள் இருப்பதாக நீங்களும் மனுவில் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இனி கடிதம்தான்.

பி.பி. மாத்திரை மேல்தட்டில், சீரக டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

ராணி

தாராவி
10 ஆகஸ்ட்

அன்புள்ள ராணிக்கு,

மாத்திரை கிடைத்தது. மூன்று நாளாகக் கடையில் புதிதாக வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு வந்த அன்று என் வக்கீல் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நேற்று பதிவுகளைப் போட்டுக் கேட்டார். அதன் பிறகு டீ இல்லை. எல்லாவற்றிலும் மிக்ஸிதான் ஓடுகிறது. சண்டை வந்தால், பக்கத்து ரூம் பிரபாவதி அக்காவுக்குக் கேட்கக்கூடாது என்று மிக்ஸியைப் போட்டுவிடுவோமே, பதிவு செய்யும்போது அந்தப் பழக்கம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. மிக்ஸி நின்றதும் நீ சொல்வது மட்டும் தெளிவாக இருக்கிறது: "உப்பு போதுமா, பாருங்க."

இதை வைத்துக் கொடுமையை நிரூபிப்பது சிரமம் என்கிறார் வக்கீல். அன்றைக்கெல்லாம் நீ என்ன சொன்னாய் என்று எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும். உனக்குத்தான் ஞாபக சக்தி.

ஜெயகணேஷ்

முலுண்ட்
14 ஆகஸ்ட்

அன்புள்ள அத்தானுக்கு,

கேட்டதால் எழுதுகிறேன். எல்லா நாளும் நான் சொன்னது ஒன்றுதான்: "எம் போன எதுக்கு எடுக்கீய? கேட்டா நானே காட்ட மாட்டேனா?" நீங்கள் சொன்னதும் ஒன்றுதான்: "ஒளிக்க ஒண்ணுமில்லன்னா லாக்கு எதுக்கு?" அதற்கு மேல் உங்களைக் கிறுக்கன் என்றேன். அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கல்யாணமான புதிதில், திரைக்கு அந்தப் பக்கம் மாமாவும் அத்தையும் உட்கார்ந்திருக்க, நாம் இரண்டு வார்த்தை பேசுவதற்கும் மிக்ஸியைத்தான் ஓட்டினோம். "ஏட்டி, நாலு பேருக்கு எத்தன சட்னி?" என்று பிரபாவதி அக்கா கேட்டது ஞாபகம் இருக்கிறதா? யாருக்கும் கேட்கக்கூடாது என்று அதை ஓட்டக் கற்றுக்கொடுத்தது நீங்கள். அதே அடுப்படியில் போனை ஒளித்து வைத்ததும் நீங்கள்.

எனக்கு அலுத்துவிட்டது அத்தான். பதிவுகளை அழித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். மறுநாளே வீட்டுக்கு வருகிறேன்.

ராணி

தாராவி
21 ஆகஸ்ட்

என் அன்பு ராணிக்கு,

வழக்கை வாபஸ் வாங்கிவிட்டேன். வக்கீலுக்கு வருத்தம்தான். அப்பாவும் அம்மாவும் இல்லாத இந்த வீட்டில் திரையைக்கூட நான் இன்னும் கழற்றவில்லை. நீ வந்து கழற்று.

இனி உன் போனைத் தொடமாட்டேன். பதிவுகளை அழிக்கவில்லை. வழக்கே இல்லாதபோது அவற்றால் என்ன கெடுதல்? எதற்கும் இருக்கட்டும் என்று வக்கீல் தன்னிடமே வாங்கி வைத்திருக்கிறார், பத்திரமாக இருக்கும்.

கணபதி பண்டிகைக்கு முன்னால் வந்துவிடு. வரும்போது ஜாரை எடுத்து வா.

உன் அத்தான்

முலுண்ட்
9 செப்டம்பர் 2025

திரு. ஜெயகணேஷ் அவர்களுக்கு,

பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவில் கையெழுத்திட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கையெழுத்திட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறி போட்டிருக்கிறது.

சட்னி ஜாரை அக்கா வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். பிளேடு மாற்றியிருக்கிறது.

ஞா. விஜயராணி