கைலேஞ்சி தெரியும் தூரம்

இயேசு மரி சூசை துணை

ஈஸ்ட் ஹாம், லண்டன்
3.11.1994

அன்புத் தம்பி பீற்றருக்கு,

சவிரிமுத்து அண்ணை எழுதுவது. உறையின் பின்பக்கத்தில் என் பெயரைப் பார்த்த பிறகும் நீ இதை அடுப்புக்குள் போடாமல் பிரித்திருந்தால், அதுவே எனக்குப் பெரிய காரியம். நோர்வேயில் எல்லாம் மின்சார அடுப்பாம், கடிதத்தை எரிப்பது கஷ்டம் என்று எமில்டா தைரியம் சொன்னாள். நாங்கள் இருவரும் சுகம். நீ சுகமா என்று கேட்கிற உரிமையை நான்கு வருடங்களுக்கு முன் என் தம்பியும் உன் கூட்டாளியுமான ராசாவின் அடக்கத்தன்று கோயில் வளவில் நானே தொலைத்துவிட்டேன். ஆனாலும் கேட்கிறேன்.

நீ அனுப்பிய மூன்று நத்தார் வாழ்த்துக் கார்ட்டும் வந்து சேர்ந்தன. ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை. உன் விலாசம் இருந்த உறைகளை எமில்டா அரிசிப் பேணிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். நேற்றுத்தான் வெளியே எடுத்தாள். "இவ்வளவு நாளும் ஏன் காட்டேல்ல?" என்று கேட்டேன். "நீங்கள் ஏன் கேக்கேல்ல?" என்றாள். கட்டின நாளிலிருந்து அவளோடு வாதாடி நான் வென்றதில்லை. நேற்றும் அப்படித்தான்.

என்னைப் பற்றிச் சொல்வதானால், தலைமயிர் போய்விட்டது, அதற்குப் பதிலாக வயிறு வந்திருக்கிறது. வேலை ஒரு துப்பாக்கிக் கடையில். சிரிக்காதே. மன்னாரில் வெடிச் சத்தம் கேட்டால் முதலில் கட்டிலுக்கு அடியில் போகிறவன் நான் என்பது உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவனுக்கு ஆண்டவர் லண்டனில் தெரிந்தெடுத்துக் கொடுத்த உத்தியோகம் இது. வேட்டைக்காரருக்கான கடை. முதலில் நிலம் கூட்டத்தான் எடுத்தார்கள். ஒருநாள் முதலாளி ஹார்லி கிழவன் சின்ன ஸ்குரூ ஒன்றைக் கீழே விழுத்திவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். நான் எடுத்துக் கொடுத்ததோடு நிற்காமல் பூட்டியும் கொடுத்தேன். கடிகாரம் திருத்தின கையல்லவா! அன்றிலிருந்து துப்பாக்கியின் முதுகில் தொலைநோக்கிக் குழாய் பூட்டுகிற வேலை என்னுடையதாகிவிட்டது. அதை இங்கே ஸ்கோப் என்பார்கள்.

குரோய்டனில் அகதி விசாரணைக்குப் போனபோது வேலை என்னவென்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். மொழிபெயர்க்க வந்த கலாவதி என்ற பிள்ளை அதை ஆங்கிலத்தில் சொல்லாமல் என் பக்கம் குனிந்து, "அண்ணை, வேற வேலை ஏதும் இருந்தால் அதைச் சொல்லுங்கோவன்" என்றது. சண்டைக்குப் பயந்து ஓடிவந்தேன் என்கிறவன் துப்பாக்கிக் கடையில் நிற்கிறேன் என்றால் ஆர்தான் நம்புவார்கள்? இன்னும் முடிவு வரவில்லை.

வேட்டைத் துப்பாக்கிகளில் மக்னம் என்று ஒரு வகை உண்டு. மற்றத் தோட்டாக்களுக்குள் கள் என்றால் இதற்குள் வடிசாராயம் என்று வைத்துக்கொள். உதைத்தால் மன்னார்க் கழுதை தோற்றுப்போகும். ஸ்கோப்பின் பின் கண்ணாடிக்கும் கண்ணுக்கும் இடையில் நாலு அங்குலமாவது இல்லாவிட்டால், சுட்ட உடனே குழாயின் விளிம்பு வந்து புருவத்துக்கு மேலே பிறைபோல வெட்டிவிடும். எப்படித் தெரியும் என்கிறாயா? போன ஆனியில் முதலாளி சுடுதளத்துக்குக் கூட்டிப்போய் ஒருமுறை சுடச் சொன்னார். எனக்கு மூன்று தையல். ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய்வருகிற அம்பலவாணன் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "வேதக்காரருக்கும் சிவன் பிறை குடுக்கத் தொடங்கிட்டார் போல" என்று ரயில் பெட்டி முழுக்கக் கேட்கச் சொன்னான். எமில்டா பூசைக்கு வந்த சனத்திடம் நான் குளியலறையில் விழுந்ததாகச் சொல்லியிருந்தாள். பிறகு இரண்டு கதையும் ஈஸ்ட் ஹாம் மரக்கறிக் கடையில் சந்தித்து, நான் குடித்துவிட்டு விழுந்தேன் என்று மூன்றாவதாக ஒன்று பிறந்தது.

இப்படியே பகிடி விட்டுக்கொண்டிருந்தால் பத்துத் தாள் எழுதுவேன். எழுத வந்தது வேறு.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பல் டொக்டர் கடைக்கு வந்தார். ஓய்வு பெற்றவர், கொக்கு மாதிரி உயரம். தைமாதம் ஆபிரிக்காவுக்குப் பெரிய மான் வேட்டைக்குப் போகிறாராம். புது மக்னம் வாங்கியிருக்கிறார், அதற்கு ஸ்கோப்பும் அதைப் பிடித்து வைக்கிற வளையங்களும் வேண்டும். எல்லாரும் விடுகிற பிழையைத்தான் அவரும் விட்டார். கடையிலேயே பெரியதைத் தூக்கினார். இருபத்துநாலு மடங்கு பெருப்பித்துக் காட்டுவது, பால் போத்தல் அளவு மொத்தம். ஐயா, இது பாரம், மக்னத்தின் உதைக்கு வளையத்துக்குள் நின்று பிடிக்காமல் வழுக்கும் என்றேன். அதோடு அவ்வளவு பெருப்பித்தால் உங்கள் மூச்சுக்கே மான் ஆடும், மானைத் தேடிப் பிடிப்பதற்குள் அது அடுத்த நாட்டுக்குப் போய்விடும் என்றும் சொன்னேன். சிரித்தார்.

நான் எடுத்துக் கொடுத்தது சின்னது. மூன்றிலிருந்து ஒன்பது மடங்குவரை கூட்டிக் குறைக்கலாம், கண்ணுக்கு நாலு அங்குலம் இடம் விடும். வளையங்கள் உருக்கு, பதிவானவை. கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படிந்தபடியே கண் நேரே குழாய்க்கு வரவேண்டும். முன் கண்ணாடிக்கும் சுடுகுழலுக்கும் இடையில் ஒரு தபாலட்டை போய்வருகிற இடைவெளி போதும்.

அவருக்குத் திருப்தியில்லை. "இது நானூறு யார் தூரத்துக்கு, கிட்டத்தட்டக் கால் மைலுக்குக் காணுமா?" என்று கேட்டார்.

அவர் வேறு தூரம் எதையாவது கேட்டிருந்தால் இந்தக் கடிதம் இல்லை, பீற்றர்.

மேல்மாடியில் பின்பக்கம் ஒரு யன்னல் இருக்கிறது. அதற்கு நேரே பூங்கா. கடைசி வாங்கு மட்டாக நானூறு யார் என்று முதலாளி முன்னமே அளந்து வைத்திருக்கிறார். லண்டனில் யன்னலால் துப்பாக்கியை நீட்ட முடியாதுதானே. ஆகவே ஸ்கோப்பை மட்டும் மரக்கட்டை ஒன்றில் பூட்டி, ஆறு மடங்கில் வைத்து, தெளிவு சரிதானா என்று முதலில் நான் பார்த்தேன்.

வாங்கில் ஒரு கிழவர் இருந்தார். கோட்டுப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்தார். உதறினார். மூக்கைத் துடைத்தார். பிறகு நாலாக மடித்தார். ஓரத்தில் நீலக் கரை. ஒரு கோடல்ல, இரண்டு கோடு.

ஆறு மடங்கில், தம்பி. ஒன்பதுக்குக்கூடப் போகவில்லை.

பல் டொக்டர் தானும் பார்த்தார். பார்த்துவிட்டு, "மிருகத்துக்கு இது கொஞ்சம் அநியாயம்தான்" என்று பகிடியாகச் சொன்னார். நான் சிரிக்க மறந்துவிட்டேன். கீழே வந்து அவருடைய துப்பாக்கியில் பூட்டிக் கொடுத்தேன். பின் வளையத்தில் ஒரு ஸ்குரூ இறுக்காமல் கிடந்ததை முதலாளிதான் கண்டுபிடித்தார். முப்பது வருடத்தில் நான் ஒரு ஸ்குரூ மறந்தது அன்றுதான். சுகமில்லையா என்று கேட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அடக்கத்தன்று நீ சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம். "அண்ணை, அவன் லேஞ்சியத் தூக்கிக் காட்டினவன். காவலரணில நிண்ட ஆமிக்காரங்கள் கண்டுதான் சுட்டவங்கள். வாய்க்காலுக்குள்ள இழுத்துப் போட்டன். நான் தலையத் தூக்கின நேரமெல்லாம் வெடி வந்தது. இருட்டும்வரைக்கும் அவனை மடியில வைச்சிருந்தன்" என்றாய். உன் சேட்டு முழுக்க அவனுடைய இரத்தம்.

நான் சொன்னதும் ஞாபகம். "நானூறு யாருக்கு அங்கால லேஞ்சி ஆருக்கடா தெரியும்? எங்கையோ போன வெடி வந்து பட்டிருக்குது. பயத்தில அவனை விட்டிட்டு ஓடி ஒளிச்சுப்போட்டு இப்ப கதை விடுறாய்" என்று சனத்துக்கு முன்னால் கத்தினேன். பெட்டிக்குக் கை கொடுக்க வந்த உன்னைத் தள்ளியும் விட்டேன். அந்த மாதமே நீ வள்ளம் ஏறியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். சண்டைக்குப் பயந்து போனாய் என்று சனம் சொன்னது. என் வாய்க்குப் பயந்து போனாய் என்பது எனக்குத் தெரியும்.

தெரியும், பீற்றர். நானூறு யாருக்கு லேஞ்சி தெரியும். அதில் கரை இருந்தால் கரையும் தெரியும். பிடித்திருக்கிற கை நடுங்குவதும் தெரிந்திருக்கும். காவலரணுக்குள் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

ஏன் அப்படிக் கத்தினேன் என்பதையும் சொல்லவேண்டும். இதை எமில்டாவுக்கே நேற்றுத்தான் சொன்னேன். நாங்களெல்லாம் கோயிலில் அகதியாகப் படுத்திருந்தபோது, பூட்டிக்கிடந்த என் கடைக்குள் திருத்தக் கொடுத்த ஊராரின் கடிகாரங்கள் கிடந்தன. உரியவர்கள் பக்கத்துப் பாயிலேயே படுத்திருந்தார்கள். உலகம் எரிகிறபோதும் மனிதருக்கு மணி பார்க்கவேண்டியிருந்தது. என்னைக் காணும்போதெல்லாம் கேட்டார்கள். எனக்கு வெட்கம். போகப் பயம். ராசா கோயில் கிணற்றடியில் நின்றான். "ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா, நீ கெட்டிக்காரன்" என்றேன். நீ உன்பாட்டில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவனுக்குத் துணைக்குப் போனாய். உன்னை ஒருவரும் கேட்கவில்லை.

எங்கையோ போன வெடி என்றால் அது ஆண்டவர் சித்தம், ஒருவர் தலையிலும் பழி இல்லை. நீ விட்டுவிட்டு ஓடினாய் என்றால் உன் பழி. கண்டுதான் சுட்டார்கள் என்றால், அங்கே ஆள் பார்த்துக்கொண்டிருந்த வெட்டைவெளிக்கு அவனை அனுப்பியது ஆர்? அந்தக் கேள்வி வராமல் இருக்கத்தான் தம்பி, உன்னைப் பொய்யன் ஆக்கினேன். ஊர்ச் சனமும் நம்பியது. நான் பகிடிக்காரன், என் பேச்சு எடுபடும். உன் பெயரைக் கெடுக்கவும் அதுதான் உதவியது.

நேற்று மரித்தோர் திருநாள். பூசைக்குப் போகுமுன் எமில்டா உன் கார்ட்டுகளை ராசாவின் படத்தடியில் அடுக்கினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றிலும் நீ பெயரை மட்டுந்தான் எழுதியிருக்கிறாய். கோபமாக ஒரு சொல்லாவது எழுதியிருக்கலாமே என்றிருந்தது.

அன்று கோயில் வளவில் நின்ற ஆட்களில் லண்டனில் ஆறேழு குடும்பம் இருக்கிறது. இந்த மாதம் பதினேழாந் திகதி ராசாவின் ஆண்டுப் பூசை. முடிந்ததும் கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி. அந்த நேரம் அவர்கள் முன்னால் எழும்பி இதையெல்லாம் சொல்லப்போகிறேன். பகிடி சேர்க்காமல். நீ வந்தாலும் வராவிட்டாலும் சொல்வேன். பூசை கொடுப்பவர் பெயர் என்ற இடத்தில் சகோதரர்கள் என்று போட்டு என் பெயரையும் உன் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உன்னைக் கேளாமல் எழுதியதற்குக் கோபித்துக்கொள். நீ வேலை செய்வதாகக் கேள்விப்பட்ட மீன் தொழிற்சாலையில் லீவு தரமாட்டார்கள், பயணத்துக்குப் பத்திரமும் தேவைப்படும் என்று தெரியும். வர ஏலாவிட்டால் இரண்டு வரி எழுது. இருட்டும்வரை உன் மடியில் கிடந்தவன் ஏதாவது கதைத்தானா? அன்று உன்னைக் கேட்டிருக்கவேண்டியது அதுதான். கேட்கவிடாமல் நானே கத்திக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றித் திட்டியிருந்தாலும் மறைக்காமல் எழுது.

அங்கே குளிர் எலும்புக்குள் போகுமாம். மீன் வெட்டும்போது கையுறை போடு. என் தம்பியைக் கடைசி மூச்சுவரை தனியே விடாத உன்னை ஆண்டவர் ஒருநாளும் தனியே விடாமல் இருக்கட்டும்.

நீ ஒருகாலத்தில் அண்ணை என்று கூப்பிட்ட,
சவிரிமுத்து