பெட்டியின் மேல் போட்ட பழி

6 ஜூலை 1996, சனி

விடியற்காலையில் காற்றோடு மழை. எட்டு மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். இரண்டு கொடி துணி காய்ந்தாகிவிட்டது.

இன்றைய வேலை:
கோயில் ஆடிப்பூர நோட்டீஸ், ஒரு பக்கம்.
காதணி விழா கார்டு, திருத்தம் மட்டும்.
பெட்டியின் திரை. யாரிடம் காட்டுவது?

இவர் லேப்டாப் என்கிறார். எனக்கு ஐந்து வருடமாக அது பெட்டிதான். வாங்கும்போதே பழசு. திரையின் கீழ் மூன்று வரி இருட்டாகி இரண்டு மாதம் ஆகிறது. எழுத்தை மேலே தள்ளித் தள்ளிப் படிக்கிறேன். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. ஒயரில் கட்டிப்போட்ட மாடு மாதிரி சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கிறது. நாங்கள் ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

மதியம் இவர் மறுபடி ஆரம்பித்தார். பேக்டரி ஆபீஸில் எல்லாம் கலர் திரையாம், நான் மட்டும்தான் இன்னும் இதைக் கட்டி அழுகிறேனாம்.

எனக்கும் காரணம் உண்டு. ஐந்து வருடத்துக் கார்டுகள் அத்தனையும் அதற்குள் இருக்கின்றன. திருமணம், காதணி, புதுமனை, கருமாதி. மூத்தவளுக்குக் கார்டு அடித்த வீட்டில் இளையவளுக்கும் என்னிடம்தான் வருகிறார்கள். பழையதை எடுத்துப் பெயரை மாற்றினால் பத்து நிமிட வேலை. பழைய தமிழ் எழுத்தைப் புதுக் கம்ப்யூட்டர் படிக்காது என்று மலாக்கா டவுனில் கடை வைத்திருக்கும் லிம் போன வருடமே சொல்லிவிட்டான். எல்லாம் முதலிலிருந்து. எனக்கென்ன தலையெழுத்தா?

“அப்ப ஸ்கிரீன் மொத்தமா போனா என்னா செய்வ?” என்றார் இவர். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

7 ஜூலை, ஞாயிறு

லிம் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். சும்மா பார்க்கலாம் என்று. சும்மா பார்க்கப் போகிறவர் பேங்க் புத்தகத்தை ஏன் சட்டைப்பையில் வைக்கிறார் என்று கேட்கவில்லை.

புதிது பாதி கனம்தான். தமிழ் எழுத்தைப் போட்டுக் காட்டினான். அழகாகத்தான் இருந்தது. அதை நான் இவரிடம் சொல்லவில்லை. வரும் சனி வரை பழசை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பானாம்.

திரும்பும்போது கிளேபாங்கில் மீ கோரெங் நூடுல்ஸ். காரம் போதாது.

வைத்துக்கொள்ள: பழகிய கை. பழைய கார்டுகள். கடன் இல்லை.
மாற்ற: திரை. கண். இவர் வாய் மூடும்.

8 ஜூலை, திங்கள்

காலை 9.20. போன். பெம்பான் எஸ்டேட்டிலிருந்து லெட்சுமி அக்கா. அழுகையில் முதலில் ஒன்றும் புரியவில்லை.

அவர் இளைய மகள் கோமதிக்கு ஆவணியில் கல்யாணம். ஆடி பிறந்தால் கார்டு கொடுக்க மாட்டார்கள் என்று அவசரமாக அடித்து வெள்ளிக்கிழமை கொடுத்திருந்தேன். நேற்று முதல் கார்டைத் தாம்பூலத் தட்டில் வைத்து கிளேபாங்குக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு, எடுத்துப் போயிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா பெயர் சுப்பிரமணியம். கார்டில் ‘அமரர் சுப்பிரமணியம்’ என்று இருக்கிறது.

அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டு, தானே பிரித்துப் படித்திருக்கிறார்.

மாப்பிள்ளையின் அம்மா தட்டைத் தொடவில்லையாம். உயிரோடு இருப்பவருக்கு இப்படி வந்திருக்கிறது, சகுனமே சரியில்லை, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று உள்ளே போய்விட்டாராம்.

“எப்படிம்மா ஆச்சு? நீ படிச்சா போதும்னுதானே நான் பாக்காம வுட்டுட்டேன்” என்றார் அக்கா.

ஸ்கிரீன் கெட்டுப்போய்விட்டது, கீழ்வரி தெரியவில்லை, மெஷின் பழைய கார்டையும் புதுக் கார்டையும் கலந்துவிட்டது என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது.

போனை வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன்.

மூத்தவளின் கார்டு, மூன்று வருடத்துக்கு முந்தியது. அவள் மாமனாரும் சுப்பிரமணியம். வேறு சுப்பிரமணியம், அப்போதே காலமானவர். அந்தக் கார்டைத்தான் எடுத்து மாற்றினேன். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், மாமியார் பெயர், மண்டபம், நாள், எல்லாம் மாற்றினேன். மாமனார் பெயர் ஒன்றாகவே இருந்ததால் ஒரு வரி மிச்சம் என்று சந்தோஷப்பட்டது கூட நினைவிருக்கிறது.

அந்த வரி கீழே இல்லை. ஏழாவது வரி. திரையின் நடுவில், பளிச்சென்று.

அச்சுக்குப் போகும் முன் தாளில் எடுத்துப் பார்த்த பிரதியும் இருக்கிறது. ஏழாவது வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் டிக் போட்டிருக்கிறேன். என் டிக்.

அச்சுக்கடை முதலாளி தவுக்கே சீனர். அவருக்குத் தமிழ் தெரியாது. நான்தான் கடைசிக் கண்.

சமையல் எதுவும் ஓடவில்லை. முட்டை பொரித்தேன்.

9 ஜூலை, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை.

லெட்சுமி அக்கா போன். குரல் தெளிந்திருக்கிறது. மெஷின் கோளாறு என்று சொன்னதும் சம்பந்தி அம்மா இறங்கி வந்துவிட்டாராம். மனிதர் கையால் எழுதியிருந்தால்தான் சகுனமாம். மெஷினுக்கு நாக்கா இருக்கிறது, அதற்கு என்ன தெரியும் என்றாராம்.

ஆனால் மூன்று நிபந்தனை:
பழைய கார்டு ஒன்றுகூட வெளியே போகக் கூடாது.
ஆடிக்கு முன் புதுக் கார்டு.
அதை அந்த மெஷினில் அடிக்கக் கூடாது. அந்த மெஷின் இருக்கிற வீட்டிலேயே அடிக்கக் கூடாது.

ஆக, பெட்டி போக வேண்டும். நான் செய்த தப்புக்கு.

இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இதத்தான்லா நான் அப்பவே சொன்னேன்” என்று மூன்று தடவை. அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சாம்பார் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன்.

எதிர்வீட்டு மேரி அக்காவுக்கும் செய்தி போய்விட்டது. கம்ப்யூட்டரை நம்பவே கூடாது என்று வேலி ஓரம் நின்று ஆறுதல் சொன்னார். ஆமாம் என்றேன்.

வெட்கமாக இருக்கிறது. இதைவிடக் கௌரவமான சொல் ஒன்று தேடினேன். கிடைக்கவில்லை.

10 ஜூலை, புதன்

பெம்பான் போய்ப் பழைய கார்டுகளை வாங்கிவந்தேன். நான்கு கட்டு. கோமதி எல்லாவற்றுக்கும் மூலையில் மஞ்சள் தடவி முடித்திருந்தாள். விரல் நுனியெல்லாம் மஞ்சள். கழுவினால் போகவில்லை என்று காட்டினாள்.

அவளே தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்தாள். கோபமே இல்லை. “அக்கா, உங்க மெஷின ரிப்பேர் பண்ண முடியாதா? பாவம், நீங்க அதுலதானே சம்பாதிக்கிறீங்க” என்றாள்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என் மனம் லேசாகும், இவள் கல்யாணம் நிற்கும். தேயைக் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

கார்டுகள் காரின் பின்புறத்திலேயே இருக்கின்றன. வீட்டுக்குள் கொண்டுவரக் கை வரவில்லை.

11 ஜூலை, வியாழன்

கிளேபாங். நானும் லெட்சுமி அக்காவும். ஒரு சீப்பு பழம், பூ. மன்னிப்புக் கேட்கத்தான்.

சம்பந்தி அம்மா கெட்டவர் இல்லை. பயந்துபோயிருக்கிறார். சுப்பிரமணியம் ஐயாவுக்குப் போன வருடம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தாராம். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கார்டை அப்படியேதான் படித்திருப்பேன், அதுதான் உண்மை.

மெஷின் போய்விட்டதா என்று கேட்டார். சனிக்குள் போய்விடும் என்றேன். தலையாட்டிவிட்டு லெட்சுமி அக்காவை உள்ளே அழைத்துப்போய்ப் புடவை காட்டினார்.

ஐயா என்னோடு கார் வரை வந்தார். மெல்லத்தான் நடக்கிறார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கார் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்:

“மெஷினு தானா அமரர்னு போடாதும்மா.”

நான் தரையைப் பார்த்தேன். “நாந்தாங்கய்யா. பழைய கார்டுல இருந்துச்சு. படிச்சும் வுட்டுட்டேன்.”

“முப்பது வருசம் பஸ் ஓட்டினேன். பிரேக் புடிக்கலன்னு சொன்ன டிரைவர் எத்தன பேர பாத்திருக்கேன். எல்லா பிரேக்கும் நல்லாதான் இருந்துச்சு.”

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காதது மாதிரி தெருவைப் பார்த்தார்.

“அவகிட்ட சொல்லிடாத. மெஷினுதான்னு நானும் அடிச்சி சொல்லியிருக்கேன். எம் மவன் கல்யாணம் நடக்கணும்” என்றார். பிறகு, “அச்சுக்கு குடுக்கிறதுக்கு முந்தி எனக்கு போன்ல ஒரு தடவ முழுசா படிச்சி காட்டு” என்றார்.

டுரியான் துங்கால் ஊர் வரும் வரை லெட்சுமி அக்கா புடவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நல்ல அரக்கு நிறமாம்.

12 ஜூலை, வெள்ளி

வெயில். மாவு அரைத்தேன்.

இவர் ஒரு யோசனை சொன்னார். புதியதை வாங்குவோம், பழசைத் தங்கச்சி வீட்டில் வைப்போம், பழைய கார்டு வேண்டும்போது போய்ப் பார்த்துக்கொள். நல்ல யோசனைதான். போன சனிக்கிழமை சொல்லியிருந்தால் மனிதரைத் தலையில் தூக்கி வைத்திருப்பேன்.

வேண்டாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இரண்டு நாளாக யோசித்தது இதுதான். ஐந்து வருடமாக நான் எந்தக் கார்டையும் படிக்கவே இல்லை. மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான். யார் வீட்டில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று பெட்டிக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன். தப்பே வராது என்று பெயர் வேறு. இத்தனை நாள் வராதது அதிர்ஷ்டம். பத்து நிமிட வேலை என்று பெருமையாகச் சொன்னேனே, அந்தப் பத்து நிமிடம்தான் அந்த மனிதரைக் கொன்றது.

மாலை 3, லிம் கடை. பெட்டியைத் திறந்து தட்டிப் பார்த்தான். திரை மட்டும்தான் கெட்டது, மற்றதெல்லாம் நல்லாயிருக்கு அக்கா என்றான். எனக்குத் தெரியும் என்றேன். உள்ளே இருப்பதை டிஸ்க்கில் எடுத்துத் தரட்டுமா, இல்லை அழிக்கட்டுமா என்று கேட்டான். அழி என்றேன். இரண்டாவது தடவையும் கேட்டான். அழி.

வரும் வழியில், சிக்னலில் நிற்கும்போது, இவரிடம் முழுவதையும் சொன்னேன். பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஹாரன். இவர் எடுக்கவில்லை.

“ஸ்கிரீன் காரணம் இல்லியா?”

“இல்லீங்க.”

“அப்ப எதுக்கு இத வாங்கினோம்?”

“இனிமே படிக்கிறதுக்கு” என்றேன். வீட்டில் இறங்கியதும் புதுசை இவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

13 ஜூலை, சனி

கை எதுவும் சொல்படி கேட்கவில்லை. எந்த எழுத்தும் இருந்த இடத்தில் இல்லை. ‘திருமண’ என்று அடிக்கவே கால் மணி நேரம். இவர் பின்னால் நின்று கலர் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று. போய்க் கார் கழுவச் சொன்னேன்.

வெறும் வெள்ளைத் திரை. மாற்ற எதுவுமில்லை, எல்லாம் எழுத வேண்டும். கோமதி வீட்டுப் பெயர்களை லெட்சுமி அக்காவிடம் போனில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். இவர் இருக்கிறாரா, இவர் இருக்கிறாரா என்று. தெரிஞ்சதுதானே, எதுக்கு கேக்கிற என்றார். தாய்மாமன் ஒருவர் போன தீபாவளிக்குத் தவறிவிட்டாராம். பழைய கார்டில் அவர் உயிரோடு இருந்தார். அதுவும் அப்படியே போயிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை.

மாலை 6. கார்டு முடிந்தது. முழு நாள், ஒரு கார்டு.

14 ஜூலை, ஞாயிறு

ஆடிக்கு இரண்டு நாள். தவுக்கே நாளைக் காலை அடித்து மாலையே தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தாளில் எடுத்து மூன்று தடவை படித்தேன். ஒரு தடவை பின்னாலிருந்து முன்னால். டிக் எதுவும் போடவில்லை.

மாலை 4, கிளேபாங்குக்குப் போன். நல்லவேளை, ஐயாவே எடுத்தார். அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாராம். நிதானமாகப் படி, அவசரமில்லை என்றார்.

பிள்ளையார் சுழியிலிருந்து ஆரம்பித்தேன். நாள், நேரம், மண்டபம். பெண் வீட்டுப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் ம் என்றார். ஏழாவது வரி வந்தது. தண்ணீர் குடித்தேன்.

“திரு. சுப்பிரமணியம்” என்று படித்து நிறுத்தினேன்.

“இருக்கேன்” என்றார். “மேல படி.”