கஸ்தூரி டீச்சரின் ஃபியட்

ஆவடி
4.2.2024

அன்பு மகள் மதிவதனிக்கு,

அப்பா எழுதுவது. நானும் என் தொப்பையும் நலம். பூனாவில் குளிர் விட்டதா?

நேற்று ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ வாசலில் என் மானம் போனது. ஃபோனில் சொன்னால் நீ சிரித்துவிட்டு உன் சித்திக்கும் சொல்லிவிடுவாய். அதனால்தான் தபால்.

ஒன்பதாவதில் உனக்குக் கணக்கு எடுத்த எதிர்வீட்டு கஸ்தூரி டீச்சரின் வீட்டுக்காரர் விட்டுப்போன பழைய ஃபியட், அவர் காலமானதிலிருந்து ஷெட்டில் கிடந்தது. டீச்சருக்கும் ஓட்டத் தெரியும், வண்டிதான் சரியாக ஓடவில்லை. மூட்டு வலியால் பஸ் ஏறவும் முடியவில்லை. காரை விற்றுவிட்டு, தஞ்சாவூரில் தம்பி வீட்டோடு போய்விடப் போகிறாராம். எஞ்சின் ஒழுங்காக ஓடினால் எடுத்துக்கொள்வதாகக் கொரட்டூர் கார் வியாபாரி செங்கல்வராயன் சொல்லியிருக்கிறார்.

"நீங்க டாங்கி ஃபேக்டரியில இருந்தவராச்சே, கொஞ்சம் பாருங்களேன்" என்றார் டீச்சர். நான் டாங்கிக்குப் பச்சை பெயின்ட் அடித்தவன் என்று சொல்ல எனக்கு ஏனோ வாய் வரவில்லை.

சோதனை ஓட்டம் போனோம். காட்டுப்பாக்கம் தாண்டியதும் படார் படார் என்று வெடித்தது. சரியாக டிப்போ வாசலில் நின்றது. பின்னால் வரிசையாகப் பஸ். ஒரு டிரைவர் தலையை நீட்டி, "அண்ணாத்தே, பட்டாசெல்லாம் பலமா கீதே, பொண்ணு மாப்ள ஊர்கோலமா?" என்றான். டீச்சர் சிரித்துவிட்டார். நான் இறங்கித் தள்ளினேன்.

பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து, நம் புல்லட்டுக்குச் செய்வதுபோல கார்புரேட்டர் ஸ்க்ரூவை இறுக்கினேன். இன்னும் மோசம். எஞ்சின் கம்பெனியில்தானே வேலை பார்க்கிறாய், வழி சொல்.

இப்படிக்கு,
பெயின்ட் அடித்த அப்பா

பூனா
9.2.2024

அன்புள்ள அப்பா,

சிரித்துத் தீர்த்துவிட்டுத்தான் பேனா எடுத்தேன். சித்திக்குச் சொல்லவில்லை, இதுவரை.

புல்லட்டில் இருப்பது காற்றுக்கான ஸ்க்ரூ. இறுக்கினால் காற்று குறையும், பெட்ரோல் தூக்கலாகும். ஃபியட்டில் அது பெட்ரோலுக்கானது. இறுக்க இறுக்கப் பெட்ரோலே குறையும். பட்டினி போட்டுவிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்கிறீர்கள்!

எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். பிறகு ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். சத்தம் எங்கே சீராக, வேகமாக வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். கரும்புகை வந்தால் அதிகம். அரை மணி நேர வேலை.

உங்கள்,
மதி

ஆவடி
25.2.2024

அன்பு மகளுக்கு,

நீ சொன்னபடி செய்தேன். காலையில் சரியாக ஓடுகிறது, மறுநாள் பார்த்தால் மக்கர். பழைய வண்டியின் குணம் அப்படி. தினமும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. டீச்சர் தினமும் காபி தருகிறார். டிகாக்‌ஷன் திக்காக, டம்ளர் விளிம்பு வரை நுரை. நேற்று கூடவே அதிரசம். நம் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற டில்லிபாபு எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, ஸ்க்ரூவ திருகறியா, டீச்சரு காப்பிக்கு சக்கர கலக்கறியா?" என்கிறான். வேலையற்றவன்.

செங்கல்வராயன் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து புகையைப் பார்த்துத் தும்மிவிட்டுப் போகிறார். பத்தாம் தேதிதான் கடைசி, அன்றும் ஓடாவிட்டால் பழைய இரும்பு விலைக்குத்தான் எடுப்பாராம். அதற்கும் டீச்சர் சரி என்றுவிட்டார். கிளம்புவது கிளம்புவதுதானாம்.

அப்பா

பூனா
1.3.2024

அப்பா,

அரை மணி நேர வேலையை மூன்று வாரமாகச் செய்கிறீர்கள். எஞ்சினைப் பற்றி இரண்டு வரி, காபியைப் பற்றி நான்கு வரி. ராத்திரியோடு ராத்திரியாக எந்த ஸ்க்ரூவும் தானாகத் திரும்பாது. திருப்புகிற கை யாருடையது என்று எனக்குத் தெரியும். அம்மா இருந்திருந்தால் முதல் கடிதத்திலேயே பிடித்திருப்பாள்.

எனக்குக் கோபம் இல்லை அப்பா. சந்தோஷம்தான். ஆனால் டீச்சரின் வண்டியைச் சரியாக வையுங்கள். அவர் போவதும் இருப்பதும் அவர் முடிவு. நீங்கள் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் வாயால் சொல்லுங்கள், ஸ்க்ரூ டிரைவரால் சொல்லாதீர்கள்.

மதி

ஆவடி
10.3.2024

அன்பு மகள் மதிக்கு,

மாட்டிக்கொண்டேன். தினமும் கிளம்பும்போது ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்கிவிட்டு வந்தது நான்தான்.

இன்று காலை வெள்ளனப் போய் ஒழுங்காக வைத்தேன். மனசு வரவில்லை, கை வந்தது. புகை இல்லை, வெடி இல்லை. பானெட் மேல் வைத்த தண்ணீர் டம்ளர் தளும்பவில்லை.

செங்கல்வராயன் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "டீச்சரம்மா, சொம்மா பூ மாதிரி கீது. இப்பவே எட்த்துகினு போறேன்" என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் சாவியைக் கொடுக்கவில்லை. "ஓடாத வண்டின்னுதானே விக்க நினைச்சேன்? பஸ் ஏற முடியலைன்னுதானே ஊரைவிட்டுப் போறேன்னேன்? இது ஓடுதுன்னா நான் ஏங்க போகணும்?" என்றார்.

உனக்குத்தான் கணக்கு எடுத்தார், எனக்கு எடுக்கவில்லை. இந்தச் சின்னக் கணக்கு எனக்குத் தெரியாமல், மூன்று வாரமாக நானே அவரைத் தஞ்சாவூருக்கு ரயிலேற்றப் பார்த்திருக்கிறேன்!

செங்கல்வராயன் போகும்போது என் காதருகே, "இன்னா சார், கொஞ்சம் கம்மியா ரிப்பேர் பண்ணிருக்கக் கூடாதா?" என்றார்.

பிறகு டீச்சரே ஓட்டினார். பக்கத்தில் நான். பூந்தமல்லி வரை போய் வந்தோம், எங்கேயும் நிற்கவில்லை. நீ எழுதியபடி வாயைத் திறந்தேன். "செகண்ட் கியர் போடுங்க டீச்சர்" என்றுதான் வந்தது. அவரும் போட்டார்.

என்றும் அன்புடன்,
அப்பா

பி.கு.: சொல்ல நினைத்தது என்னவென்று கேட்பாய். உனக்கு மட்டும். "கஸ்தூரி, வண்டி இனிமே ரிப்பேர் ஆகாது. ஆனாலும் நாளைக்கு வரட்டுமா?"