பருத்தி அல்லாத பஞ்சு

அனுப்புநர்:
திருமதி பிரிஜெட் நோயல்,
தமிழாசிரியை (ஓய்வு),
குழந்தை இயேசு கோயில் பின்தெரு,
விவேக் நகர், பெங்களூரு.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
ஆரோக்கிய தீபம் அறக்கட்டளை மருத்துவமனை,
பெங்களூரு.

பொருள்: தங்கள் மருத்துவமனையில் காசநோய்க்கு மருந்து எடுத்துவரும் சிவாஜிநகர் திரு. ஆண்ட்ரூ அவர்களுக்கு, மருந்துக் காலம் முடியும்வரை காத்திராமல், நுரையீரல் உறையில் பயாப்ஸி செய்ய உத்தரவிடக் கோருதல் – ‘பஞ்சு வேலை’ என்ற சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் கோலார் தங்கவயலில் வளர்ந்தவர், தமிழ் சரளமாக வாசிப்பீர்கள் என்று தங்கள் வார்டு சிஸ்டர் அன்னா சொன்னதால் இம்மனுவைத் தமிழில் எழுதுகிறேன். அலுவலகக் கோப்புக்காகக் கன்னடப் படி ஒன்றை என் மருமகள் ஸ்னேஹா தயாரித்து இணைத்திருக்கிறாள். அதில் ‘பஞ்சு’ என்ற ஒரு சொல்லை மட்டும் பெயர்க்காமல் தமிழாகவே விடச் சொல்லியிருக்கிறேன். அதன் காரணத்தைத் தாங்கள் கீழே காண்பீர்கள்.

மனு என்றால் குறையில் தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பள்ளியில் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் மனது நிறைய நிம்மதியை வைத்துக்கொண்டு குறையை மட்டும் எழுத என்னால் முடியவில்லை. ஆகவே நல்ல செய்தியை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் மருத்துவமனையில் சென்ற ஆண்டு காசநோயாளியாக இருந்த என் கணவர் திரு. நோயல் நலமாக இருக்கிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழு நிற்கும் மாடிக்கு யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறி, பூசை முடியும்வரை நின்று பாடினார். சுருதி சேரவில்லை. நோய் வருவதற்கு முன்பும் அது சேர்ந்ததில்லை என்பதால் நாங்கள் யாரும் கவலைப்படவில்லை.

இனி விவரத்துக்கு வருகிறேன். என் கணவர் இளம் வயதில் ஓசூர் சாலைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தார். கொதிகலனிலிருந்து நீராவி போகும் குழாய்களுக்குச் சூடு வெளியே போகாதபடி உறை சுற்றும் வேலை. அந்த உறைப்பொருள் மூட்டையாக வரும். வெள்ளையாக, நார் நாராக இருக்கும். பிய்த்து, தண்ணீரில் குழைத்து, கையால் பூசுவார்கள். அங்கே வேலை பார்த்த தமிழாட்கள் எல்லோரும் அதற்கு வைத்திருந்த பெயர் ‘பஞ்சு’. அதன் உண்மையான பெயர் ஆஸ்பெஸ்டாஸ். கல்நார் என்று அழகான தமிழ்ச் சொல்லும் இருக்கிறது. ஆனால் அந்தக் குழுவில் அதை யாரும் சொன்னதில்லை, யாரும் அவர்களுக்குச் சொல்லவும் இல்லை. அந்தத் தொழிற்சாலை மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. அதன் பிறகு என் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றார். பஞ்சை அவர் மறந்தே போனார்.

சென்ற ஆண்டு அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தங்கள் மருத்துவமனைக்கு வந்தோம். வலது மார்பில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். சேர்க்கும்போது டாக்டர் கன்னடத்தில் அவருடைய பழைய வேலைகளைப் பற்றிக் கேட்டார். ஸ்னேஹா பதில் சொல்ல வாயெடுத்தாள். என் கணவர் கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டார். தமக்குத் தெரியாத கன்னடமா என்பது அவர் எண்ணம். இந்த ஊரில் பிறந்து இந்த ஊரிலேயே தலை நரைத்தவர் அல்லவா! “ஹத்தி கெலசா மாட்தித்தே” என்றார். இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. பஞ்சு வேலை செய்துகொண்டிருந்தேன் என்பதற்கு அதுதான் கன்னடம். டாக்டர் அதைப் பருத்தி என்று புரிந்துகொண்டு, பழைய பெங்களூரில் பஞ்சாலைகளுக்குக் குறைவில்லை என்பதால், மில் தொழிலாளி என்று எழுதிக்கொண்டார். அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் வேலை உண்டா என்றும் அவர் கேட்டார். என் கணவர் சத்தியமாக இல்லை என்றார். அவரைப் பொறுத்தவரை ஆஸ்பெஸ்டாஸ் என்பது கூரைக்குப் போடும் ஷீட். கூரை வேலை அவர் செய்ததே இல்லை.

கேட்டவரும் சரியாகத்தான் கேட்டார், சொன்னவரும் உண்மையைத்தான் சொன்னார். நோய் மட்டும் நடுவில் தப்பித்துக்கொண்டது.

மார்பில் நீர் கோத்தால் நம் நாட்டில் முதலில் காசநோயைச் சந்தேகிப்பது வழக்கம் என்று அறிவேன். அதன்படி மாத்திரை தொடங்கினார்கள். தங்கள் ஊழியர்கள் ஒரு வேளை மாத்திரையும் தவறாமல் பார்த்துக்கொண்டார்கள், தொலைபேசியில் அழைத்து விசாரித்தார்கள். இல்லாத நோய்க்கு அத்தனை சிரத்தையான வைத்தியம் யாருக்கும் கிடைத்திருக்காது. என் கணவரோ முகக்கவசம் போட்டுக்கொண்டு கோயிலில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்கு வருகிறவர்கள் தம்மை விட்டு நகர்ந்து உட்காருகிறார்கள் என்று வீட்டுக்கு வந்து வருத்தப்படுவார். நீரை எடுத்தால் மூச்சு லேசாகும். சில வாரங்களில் மறுபடி நிரம்பிவிடும். மருந்து வேலை செய்யக் காலம் பிடிக்கும் என்றார்கள். காத்திருந்தோம். அவர் இளைத்துக்கொண்டே போனார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஸ்னேஹாவின் அலுவலகம் வைட்ஃபீல்டில் இருக்கிறது. அங்கே உள்ள ஒரு மருத்துவமனைக்கு அவரை வற்புறுத்தி அழைத்துப் போனாள். டாக்டர் சுப்ரியா என்பவர் எங்களோடு தமிழில் பேசினார். தங்கள் மருத்துவமனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, பருத்தி மில் எந்தப் பக்கம் என்று பேச்சுவாக்கில் கேட்டார். என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “மில்லுன்னு யாரும்மா சொன்னது? இது பாய்லர் பஞ்சு. நெருப்புல போட்டாலும் எரியாது. வேணும்னா ஆண்ட்ரூவைக் கேளுங்க.” அந்த அம்மையார் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். பிறகு அந்தப் பஞ்சு எப்படி இருக்கும், எதில் குழைப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் கணவருக்கோ தம் வேலையைப் பற்றி ஒருவர் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறாரே என்று சந்தோஷம். கையை ஆட்டி ஆட்டி விளக்கினார்.

விலாவில் சிறு துளை போட்டு, கேமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டு, நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையிலிருந்து சில துண்டுகள் எடுத்தார்கள். எடுத்த நீரை மட்டும் சோதித்தால் இந்த நோய் பல சமயம் பிடிபடாது, உறையையே சோதித்தால்தான் தெரியும் என்று விளக்கினார்கள். முடிவில் வந்த பெயர் மீசோதெலியோமா. கல்நார்த் தூசியை மூச்சில் இழுத்தவர்களுக்கு முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துக்கூட அந்த உறையில் வரும் புற்றுநோய். அன்றைய தினத்தைப் பற்றி இம்மனுவில் எழுதுவதற்கில்லை. எழுதினால் மனு நனைந்துவிடும்.

ஆனால் ஐயா, பெயர் தெரிந்த பிறகுதான் வைத்தியம் நோயோடு பேச ஆரம்பித்தது. நீர் மறுபடி சேராமல் இருக்க, மார்புக்குள் டால்க் தூவி நுரையீரலை விலாச் சுவரோடு ஒட்டவைத்தார்கள். வயதான காலத்தில் தமக்குப் பவுடர் போடுகிறார்கள் என்று என் கணவர் வார்டு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். பிறகு கீமோ, அதன் வேகத்தைத் தாங்க ஃபோலிக் அமில மாத்திரையும் பி-12 ஊசியும். இந்த நோயில் சற்று மெதுவாக வளரும் வகை அவருடையது என்பதும், பரவுவதற்கு முன் பிடித்ததும் எங்கள் அதிர்ஷ்டம். கடைசி ஸ்கேனில் கட்டி சுருங்கியிருக்கிறது. இது முழுக் குணம் அல்ல, கட்டுக்குள் வைத்திருக்கிறோம் என்று டாக்டர் சுப்ரியா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். கட்டுக்குள் இருக்கட்டும், போதும். மனிதர் மூச்சு விடுகிறார். சாப்பாட்டில் உப்பில்லை என்கிறார். காய்கறிக்காரரிடம் வம்புக்கு நிற்கிறார். அந்தப் பஞ்சுத் தூசி படிந்த அவருடைய சட்டைகளை அந்தக் காலத்தில் துவைத்தவள் என்பதால் எனக்கும் படம் எடுத்துப் பார்த்தார்கள். என் மார்பில் ஒன்றும் இல்லை. கடவுளுக்கு ஸ்தோத்திரம்.

இப்போது என் குறை. மேலே என் கணவர் குறிப்பிட்ட ஆண்ட்ரூ, அதே குழாய்களுக்கு அவரோடு நின்று பஞ்சு சுற்றியவர். இப்போது சிவாஜிநகரில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவருக்கும் மார்பில் நீர். தங்களிடம்தான் காசநோய் மருந்து சாப்பிடுகிறார். இருமுறை நீர் எடுத்தும் மறுபடி சேர்ந்துவிட்டது. தங்கள் கோப்பில் அவரும் பஞ்சாலைத் தொழிலாளி. அவரிடமும் அதே கேள்வி, அவரும் சொன்னது அதே ‘ஹத்தி’. எங்கள் ஆட்களின் கன்னடம் அவ்வளவு ஒற்றுமையானது.

அவர் மனைவி திருமதி மௌரீனும் நானும் தங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்து, பயாப்ஸி செய்யுங்கள் என்று கேட்டோம். மில்லில் வேலை செய்தவருக்கு அது தேவையில்லை, மருந்து முடியட்டும், பிறகு பார்க்கலாம், நோயாளியே கேட்காதபோது நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் காத்திருக்கும் நோயா இது? மருந்துக் காலம் முடியும்வரை நாங்களும் இருந்திருந்தால் நான் இன்று வேறொரு மனு எழுதிக்கொண்டிருப்பேன், அல்லது எதுவுமே எழுதாமல் உட்கார்ந்திருப்பேன்.

நோயாளியே கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆண்ட்ரூவுக்குத் தம் காசநோயின் மேல் பிரியம். காசநோய் என்றால் மாத்திரை, கெடு, பிறகு குணம். மற்றதன் பெயரைக் கேட்கவே அவருக்கு நடுக்கம். வைட்ஃபீல்டுக்கு வாருங்கள் என்றாலும் வர மறுக்கிறார். தம் பிள்ளைகள் பிறந்த ஆஸ்பத்திரியை விட்டு வேறெங்கும் போக மாட்டாராம். தங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருப்பவரைக் காப்பாற்றும் கடமையும் தங்களுக்குத்தானே?

ஆகவே, திரு. ஆண்ட்ரூவின் பழைய வேலையைத் தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து மறுபடி விசாரித்து, அவருக்கு நுரையீரல் உறை பயாப்ஸியை உடனே தங்கள் மருத்துவமனையிலேயே செய்ய உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இனி எங்கள் பகுதியிலிருந்து பஞ்சு வேலை என்று சொல்லிக்கொண்டு எவர் வந்தாலும், அது எரியுமா எரியாதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடும்படி தங்கள் டாக்டர்களுக்குச் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

ஆண்ட்ரூவுக்குப் புற்றுநோய் என்று நிலைநாட்டுவது என் நோக்கம் அல்ல. சோதனையில் அது காசநோய்தான் என்று வந்தால், தங்கள் நேரத்தை வீணாக்கியதற்காக நேரில் வந்து, தங்கள் டாக்டர்கள் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்பேன். அந்த மன்னிப்பைக் கேட்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபிக்கிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
பிரிஜெட் நோயல்

இடம்: விவேக் நகர், பெங்களூரு
நாள்: 17.02.2025

(பி.கு.: மனுவைத் திரு. ஆண்ட்ரூவுக்குப் படித்துக் காட்டினேன். பேனாவைக் கேட்டு வாங்கி, கீழ்க்கண்டதைத் தம் கையாலேயே எழுதினார்.)

டாக்டர் ஐயாவுக்கு, பிரிஜெட் டீச்சர் எழுதினது எல்லாம் சரி. எனக்கு ரொம்ப பயமா இருக்கு. ஆனாலும் செஞ்சிடுங்க.
ஆண்ட்ரூ